மழை எழுதிய கடிதம்

“சாப்பு அடிங்க, கிராணி ஐயா. இன்னியோட வேலைய விட்டுட்டேன்.”

நாகையா ராஜினாமாக் கடிதத்தை முத்திரைக்காக மேசையில் போட்டார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து அலுவலகம். அங்கே குமாஸ்தாவான கிராணி சீவரத்தினம் தூக்குச்சட்டியிலிருந்த மசால்வடையை மென்றுகொண்டே கடிதத்தைப் படித்தார். நாகையாவுக்குத் தண்டவாள வேலையில் இருபத்து மூன்று வருடம். இன்னும் இரண்டு வருடம் தள்ளினால் பென்ஷன். இப்போது விட்டால் அதுவும் இல்லை, குடியிருக்கும் வீடும் இல்லை.

“ஏன் விடுறீர்?”

“எங்கள வேலை வாங்குற மண்டோர் நேத்து எல்லார் முன்னாலயும் ஏசிட்டான்யா. கெட்ட வார்த்தை.”

“அவன் ஏன் ஏசினவன்?”

“மழையில லைன் வேலை நின்னுபோச்சு. இன்ஜினியர் அவனை ஏசினாரு.”

“மழை பெய்தது, இன்ஜினியர் ஏசினார், மண்டோர் ஏசினான், உமக்குக் கோபம் வந்தது. இதில நீர் எங்க இருக்கிறீர்?”

“முடிவு என்னோடதுலா!”

“கோபத்தை நீரா கூப்பிட்டனீர்?”

“அதுவா வந்துச்சு.”

“முடிவும் அப்பிடித்தான். எந்தப் பக்கம் திரும்ப வேணும் எண்டு ரயிலா யோசிக்குது?”

“டிரைவரு இருக்காருல்ல?”

“அவருக்கென்ன கையில ஸ்டியரிங்கா? தண்டவாளம் போற பக்கம்தான் அவரும் போவார். இந்தக் கடிதத்தை எழுதினது மழை. நீர் வெறும் ரப்பர் சாப்பு.” சீவரத்தினம் முத்திரையை மையில் ஒற்றினார். “இனி உம்மால இதை நிறுத்த முடியாது.”

நாகையா கடப்பாரை பிடித்துக் காய்த்த தன் கைகளைப் பார்த்தார்.

“நெசமாவே முடியாதா?”

“முடியாது.”

முத்திரை இறங்குவதற்குள் கடிதத்தைப் பிடுங்கினார் நாகையா.

“மழை சொல்லி நான் கேக்கணுமா? போங்கய்யா!”

நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு லைனைப் பார்த்து நடந்தார்.

சீவரத்தினம் பின்கதவைத் திறந்தார். நாகையாவின் மனைவி பவுனம்மாள் அங்கே நின்றிருந்தாள்.

“கிழிச்சுட்டாராய்யா? முடியாதுன்னு சொன்னாப் போதும், கிழிப்பாருன்னு காலையிலயே சொன்னேன்ல?”

“ஓம். ஆனா அந்த மழை, தண்டவாளம் எல்லாம் நானா யோசிச்சுச் சொன்னது,” என்றார் சீவரத்தினம் பெருமையாக.

“தெரியும்யா,” என்றாள் அவள், காலித் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு. “வடை தின்னா நீங்க நல்லா யோசிப்பீங்கன்னுதானே விடிகாலையில எழுந்து சுட்டேன்.”