ரோமாபுரிக் காசு

"ஏனுங்க, இந்த மூஞ்சிய மட்டும் உருக்கீராதீங்க!"

மயிலாத்தாள் இதைச் சொன்னது எழுபத்திரண்டில். நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. தென்னைக்குக் குழி வெட்டிய கோடை அது. கணவர் நஞ்சப்பனின் மண்வெட்டியில் ஒற்றைத் தங்கக்காசு சிக்கியது. கழுவியதும் ஓர் ஆணின் தலை தெரிந்தது. வளைந்த மூக்கு. நெற்றியில் இலைமாலை.

மயிலாத்தாளுக்குத் தான் படித்துக்கொண்டிருந்த நாவல் நினைவுக்கு வந்தது. கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கும் லாரிக்காரர்களுக்காக மொய்தீன் தன் பெட்டிக்கடையில் நாவல்களை வாடகைக்கு விட்டுவந்தார். அவற்றில் ஒன்றை மயிலாத்தாள் வாங்கி வந்து, வாய்விட்டுப் படிக்காமல் பாதிவரை முடித்திருந்தார். காதலி கொடுத்த காசை இடுப்பில் முடிந்துகொண்டு லூசியசு என்ற ரோமாபுரி வீரன் மிளகுக் கப்பலேறும் கதை.

"கடல் தாண்டி நம்ம தோட்டத்துக்கு வந்திருக்குதுங்க. ரெண்டாயிரம் வருசம்! தொட்டுப் பாருங்க, மேலெல்லாம் சிலுக்குது."

"சிலுக்கும், சிலுக்கும். நாளைக்குத் தாலிக்குப் பொன்னு உருக்கோணும். உன்ற லூசியசு வந்து தருவானா?"

மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பன்தான் தன் கையால் ஆசாரியிடம் பொன் எடுத்துக் கொடுக்க வேண்டும். மயிலாத்தாளின் வளையல்கள் போன வருடமே பம்புசெட்டாகிவிட்டன.

அன்று வெளிச்சம் மங்கும்வரை காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாக்கள் போய்விட்டார்கள், கப்பல்கள் போய்விட்டன, மூக்கு மட்டும் தேயவில்லை.

காலையில் நஞ்சப்பன் கையை நீட்டினார். மயிலாத்தாள் காசைக் கொடுத்துவிட்டார்.

நாவலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். முடிவைத் தெரிந்துகொள்ள மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் கல்யாணம். சம்பந்திகளுக்கு உருமால் என்னும் தலைப்பாகை கட்டினார்கள்.

"என்னுங்கண்ணா, மூணு நாளாத் தலத்துண்டு, இப்ப உருமாலும் காது வரைக்கும் எறங்கீருச்சு?" என்று நஞ்சப்பனிடம் கேட்டார் பங்காளி குப்பண்ணன்.

"காத்து அடிக்குதப்பா."

"சித்திரையிலயா!"

பந்தலே சிரித்தது. மயிலாத்தாள் சிரிக்கவில்லை. தாலியில் அந்த மூக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நஞ்சப்பன் சொன்னார்: "மொய்தீன் பொஸ்தகத்தக் கேட்டான். குடுக்கறதுக்கு முன்னால கடேசிப் பக்கத்தப் படிச்சுப்போடு."

"எனக்கு வேண்டாமுங்க."

"படி புள்ள."

பெட்டியைத் திறந்து, கடைசிப் பக்கத்தை விரித்தார். அதில் காசு இருந்தது.

"பசியில சாகறப்பக்கூட லூசியசு அதச் செலவு பண்ணலியே," என்றார் நஞ்சப்பன். "நாம பண்ணலாமா?"

அந்தப் பெயரை மயிலாத்தாள் அவரிடம் சொன்னதே இல்லை. நிமிர்ந்து பார்த்தார். உருமாலை அவிழ்த்துவிட்டிருந்தார் நஞ்சப்பன். சிறு வயதிலிருந்து கழற்றாத கடுக்கன்கள் இல்லை. காதுகளில் துளைகள் மட்டும் இருந்தன.

நாவலை மொய்தீனுக்குத் திருப்பித் தரவே இல்லை; அவர் கடையும் சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. நஞ்சப்பன் கடைசிவரை வெறுங்காதோடு இருந்தார். மயிலாத்தாள் போன பிறகும் காசு அதே பக்கத்தில் இருக்கிறது. கடுக்கன் தாலியாகி என் கழுத்தில் இருக்கிறது.