கடைசிச் சண்டை

மூன்றாவது நாளும், கடைசி வாள்சண்டை தொடங்குகிற நேரம் பார்த்து சென் படத்தை நிறுத்தினான். டிஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த யோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னின் சட்டையைப் பிடித்து, தமிழும் ஆங்கிலமும் கலந்து கத்தினான்.

“உனக்கென்ன விசரா? சீனப் படம் எண்டா உன்ர கொப்பன்ர சொத்தோ? தகப்பனைக் கொன்ற தளபதியை அந்தப் பெட்டை வெட்டினாளோ இல்லையோ? அதையாவது சொல்லடா!”

“தெரியாது.”

“பொய்! நாலு வருசமா இந்த ஒரு படத்தைத்தானே போட்டுப் பார்க்கிறாய்!”

காவலாளி ஓடிவந்து இருவரையும் விலக்கினார்.

சென் கிழிந்த சட்டையைச் சரிசெய்தான்.

“இந்தத் தடுப்பு முகாமில் வேறு படம் இல்லை. விசா கிடைக்கிற அன்றைக்குப் பார்க்கலாம் என்றுதான் முடிவை வைத்திருக்கிறேன்.”