கேட் இல்லாத வீடு

கேட் உள்ள இடத்தில் கார் நிறுத்தக் கூடாது, வெறும் சுவரென்றால் யாரும் நிறுத்தலாம் என்று மாநகராட்சி முடிவு செய்தது. பொறியாளர் தணிகாசலம் கார் நிறுத்தும் இடங்களுக்கு வெள்ளைக்கோடு போட ஆட்களோடு வந்தார். தெருவை ஒட்டிய முதல் வீட்டுச் சுவரோரம் கோடு போட்டு முடிப்பதற்குள் அந்தச் சுவர் உள்ளிருந்து இடிபட்டது. நாலைந்து சம்மட்டி அடியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே சம்மட்டியோடு வீட்டுக்காரன் லோகு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. மார்பில் உள்பக்கம் தெறித்து விழுந்த ஒரு செங்கல்.

“இது கேட்டு சார். கோட்ட அழிங்க.”

“யோவ், உங்க அப்பாவப் பாருய்யா.”

“மொதல்ல கோட்ட அழிங்க.”

தணிகாசலம் ஈரக்கோட்டைச் செருப்பால் தேய்த்தார். அப்போது அடுத்த வீட்டுச் சுவர் அதிர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது.