அத்தைக்கு அரை மணி நேரம்

அணையில் பதினோரு அடித் தண்ணீர்தான் மிச்சம். மதகைத் திறப்பது இயந்திரத்தின் பொறுப்பு. பயிருக்குக் கேட்டால் மறுத்துவிடும். அஸ்தி கரைக்கக் கேட்டால், ஒருவருக்கு ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் ஆற்றில் தண்ணீர் விடும். இறந்தவர் பெயரைப் பதிவது மட்டும் உதவிப் பொறியாளர் புனிதவதியின் வேலை.

அன்று காலை வீரக்கண்ணு வந்தான். ஆற்றங்கரையில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் நெல். பால் பிடிக்கும் பருவம். இரண்டு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான்.

"இறந்தவங்க பேரு?"

"மங்கையர்க்கரசி. எங்க அத்தை."

அவனுக்குப் பின்னால், சிவப்புத் துணி கட்டிய கலயத்துடன் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். கலயத்திலிருந்து உமிச் சாம்பல் வாசனை வந்தது.

"நீங்க யாரும்மா?"

"மங்கையர்க்கரசி" என்றாள் அந்த அம்மாள், பழக்கதோஷத்தில்.

வீரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான். "வாயைத் திறக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அத்தை!"

புனிதவதி சிரிக்கவில்லை. "பதிஞ்சா பதிஞ்சதுதான். நாளைக்கு நீங்க நிஜமாவே போனா ஆறு வராது. உங்க சாம்பலை வெறும் மணல்லதான் கொட்டணும்."

"கொட்டட்டும். அப்ப எனக்குத் தாகமா எடுக்கப் போகுது?" என்றாள் அத்தை. "வெயில் ஏறுறதுக்குள்ள அழுத்து தாயி."

புனிதவதி பொத்தானை அழுத்தினாள். திரையில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று வந்தது. தூரத்தில் மதகு திறக்கும் சத்தம் கேட்டது.

அத்தை கலயத்தை வீரக்கண்ணுவின் கையில் திணித்தாள். "நீ என்னைக் கரைச்சிட்டு வா. நான் ஓடிப்போய் வயல் மடையைத் திறக்கிறேன்."