அறுபத்தாறாம் நம்பர்

“அண்ணை, உங்கட மகன் டெரன்ஸ் ஒருக்காக்கூடப் பந்தைத் தொடேல்லையே?” என்று கேட்டான் யோகன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்ரோபர்க் குளிரில், ரொறன்ரோவில் அவன் பார்க்க வந்த முதல் யூனிவர்சிற்றி புட்போல் ஆட்டம் அது; பந்தைக் கையில் கொண்டு ஓடும் கனடா புட்போல்.

“அறுபத்தாறின்ரை வேலை அதில்லை. பந்து வைச்சிருக்கிறவனிலை ஆரும் வந்து விழாமல் முன்னுக்கு நிண்டு தடுக்கிறதுதான். ஆனால் உவையளை ஒருத்தரும் பாக்கமாட்டினம்” என்றார் அகஸ்ரின்.

அவரது கண் மட்டும் அறுபத்தாறாம் நம்பரை விட்டு அசையவில்லை. மூன்று வருடமாக ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை.

ஆட்டம் முடிந்து அறுபத்தாறாம் நம்பர் ஹெல்மெற்றைக் கழற்றியதும் யோகன் திடுக்கிட்டான். பொன்னிறத் தலைமயிரோடு ஒரு வெள்ளைக்காரப் பெடியன்.

“அண்ணை, உது டெரன்ஸ் இல்லையே!”

“அவன் முழங்கால் முறிஞ்சு, போன வருசமே விளையாட்டை விட்டிட்டான். இப்ப வன்கூவரிலை இருக்கிறான். அவன்ரை நம்பரை உவனுக்குக் குடுத்திட்டினம்.”

“டெரன்ஸ் உங்களுக்குப் போன் எடுக்கிறவனோ?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்கு அண்ணை இந்தக் குளிருக்கை வாறியள்?”

மைதானத்திலிருந்து அந்தப் பெடியன் இவர்கள் பக்கம் திரும்பிக் கையசைத்தான். அகஸ்ரின் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

“உவன் கை காட்டுவான்” என்றார்.