பக்கத்து ஆணி

பழைய துப்பாக்கிகளைச் சேர்க்கும் ஞானப்பிரகாசத்தின் சுவரில், ஒரே இங்கிலாந்துப் பட்டறையில் பிறந்த இரண்டு ஏர் ரைபிள்கள் அடுத்தடுத்த ஆணியில் தொங்கின. மூத்தது முதல் மாடல். இளையது அடுத்த மாடல்.

"என் வால்நட் மரப் பிடிக்கட்டையைப் பார்டா. உன் கட்டை விரிசல் விட்டுக் கெடக்கு" என்று மூத்தது தினமும் குத்திக்காட்டும்.

"கட்டை இருந்து என்னண்ணே? உன் குழல் துருப்பிடிச்சுப் போச்சே" என்று இளையது திருப்பிக் கொடுக்கும்.

ஒருநாள் ஞானப்பிரகாசம் இரண்டையும் இறக்கி ஒப்பிட்டுப் பார்த்தார். அவை சொல்லிக்கொண்ட குறைகளே அவர் கண்ணிலும் பட்டன. மூத்ததின் கட்டையில் இளையதின் குழலைப் பூட்டி, மூத்ததின் ஆணியிலேயே மாட்டினார். மிச்சமெல்லாம் காயலான் கடைக்குப் போனது.

மறுநாள் பக்கத்து ஆணி காலியாக இருந்தது.

"தம்பி, உன் விரிசலை நான் சொல்லிக்காட்டியிருக்கக் கூடாதுடா" என்று சொல்ல மூத்தது வாய் திறந்தது.

வெளியே வந்தது தம்பியின் குரல்.