அஞ்சாதவன் பாட்டு

தமிழினத்தின் அச்சத்தை ஒரே பாட்டில் ஒழித்துவிடுவதென்று சாருஜன் தீர்மானித்திருந்தான். பாட்டின் பெயர் ‘அஞ்சோம்’. கமரா, நண்பன் லவனின் கைபேசி. லைட்டிங், காட்போட் மட்டையில் ஒட்டிய சமையலறை வெள்ளித்தாள்.

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரைப் பாறையில் நின்று சாருஜன் வாயசைத்து முடிக்க, லவன் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சான், திரும்பாத. ரெயில் றோட்டுக்கு அங்கால கறுப்புக் கண்ணாடியோட ஒருத்தர் நிண்டு உன்னையே பாக்கிறார்.”

“பாக்கட்டும். எங்களுக்கென்ன பயமே?”

“உங்கட பிளட்ஸ் காவல்காரர் சொன்ன ஆள்தான் போல. நீ ஆரோட திரியிறாய், எத்தினை மணிக்கு வீட்ட வாறாய் எண்டு விசாரிச்சவராம். சலூனிலயும் கேட்டவராம். சீஐடியா இருக்குமோ?”

சாருஜன் திரும்பிப் பார்த்தான். அந்த மனிதர் தண்டவாளத்தைக் கடந்து நேரே இவர்களிடம் வந்துகொண்டிருந்தார்.

“வீடியோவை அழி.”

“முழுக்கவோ? ஆறு மாச வேலையடா!”

“அழியடா, விசரா!”

லவன் அழித்தான்.

மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். “பாட்டுக்காரத் தம்பி நீர்தானே?”

“ஐயோ, இல்லை அங்கிள். எனக்குப் பாட்டே வராது. இவன் கூப்பிட்டவன், சும்மா வந்தனான்.”

“உண்மையாவோ?”

“அம்மாவாணை.”

மனிதர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பிப் போனார்.

பொழுதுபட, அம்மா போனை வைத்துவிட்டு வந்தாள்.

“உனக்குப் பேசின சம்பந்தம் சரிவராதாம். பொம்பிளையின்ர மாமன் உன்னைக் கடற்கரையில பாத்தவராம்.”

“ஏனாம்?”

“நீ பாட்டுக்காரனெண்டுதான் பொம்பிளை ஓமெண்டவளாம். உனக்குப் பாட வராதாம்.”